பாதி காட்டிய ரத்தம்

புரட்டாசி 4, சனி

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. குறுவை நெல் களத்தில் கிடக்கு, தார்ப்பாய் போட்டு.

இந்த நோட்டு டாக்டர் எழுதச் சொன்னது. பேத்தி பாதி எழுதிவிட்டுப் போட்ட கணக்கு நோட்டு. என் வீட்டுக்காரர் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறாங்க, எந்நேரம், எரியுதா, நின்னு நின்னு வருதா, எல்லாம் எழுதணும். இவங்களுக்குக் கண் மங்கல். நான் மூணாங்கிளாஸ். இதுக்குப் போதும்.

ரா. 11.20. 1. 2.15. 3.40. விடிய 5.
பகல் 7. 8.30. 10. 11.15 (வயலில்). 1. 2.30. 4. எரிச்சல் இல்லை. நின்னு நின்னுதான்.

நேற்று தஞ்சாவூர். நீடாமங்கலத்தில் பஸ் ஏறி இறங்குவதற்குள் இவங்களுக்கு ரெண்டு தடவை முட்டிவிட்டது. டாக்டர் சின்ன வயசு. அய்யா, அம்மா என்று மரியாதையாகப் பேசுகிறார்.

போன வருசம் ஆனியில் கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் போட்டார்கள். அதில் ரத்தம் எடுத்து பி.எஸ்.ஏ. என்று ஒன்று பார்த்தார்கள். 3.1. நாலுக்குள் இருந்தால் சரி என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நான் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்தேன். இப்போது 5.8.

டாக்டர் விளக்கமாகச் சொன்னார். மூத்திரப் பைக்குக் கீழே ஆம்பளைகளுக்கு ஒரு சுரப்பி. அதிலிருந்து இது ரத்தத்தில் கலக்கும். சுரப்பி வீங்கினாலும் கூடும். கிருமி இருந்தாலும் கூடும். புற்று இருந்தாலும் கூடும். ஒரு நம்பரை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னொரு தடவை எடுப்போம் என்றார். எடுக்க ரெண்டு நாள் முன்னாலிருந்து சைக்கிள் மிதிக்கக் கூடாதாம்.

எனக்கு இப்படிப் புரிந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழுக்கு மேல் போனால் மூட்டையைத் திருப்பி அனுப்புவான். இங்கே நாலு. ஆனால் நெல்லைத் திருப்பிக் கொண்டுவந்து காயப்போடலாம்.

கையுறை போட்டு விரலால் பின்பக்கம் சோதிக்கணும் என்றார். இவங்க வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு நாள் பாத்துக்குவோம் தம்பி." அவர் வற்புறுத்தவில்லை.

வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, வேற இல்லைங்க என்று இவங்க. நானும் தலையாட்டினேன். நான்தானே எடுத்துக் கொடுக்கிறேன்.

புரட்டாசி 7, செவ்வாய்

ரா. 12. 1.30. 3. 4.30.
பகல் எழுத மறந்தேன். வேலை. 9, 11, இதுதான் ஞாபகம்.

வெயில். நெல்லைக் கிளறிவிட்டோம். இவங்க நாலு தடவை துடுப்பு தள்ளிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னெல்லாம் ஒரு நாள் முழுக்க நிற்பார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்தால் எனக்கு அந்த ஞாபகம்தான். பதினேழு வருசம். ஆடி மாசம், செவ்வாய். வாய்க்காலில் முதல் தண்ணி. முறை எங்களுக்கு. இவங்க தம்பி தங்கராசு மதகுப் பலகையைத் தூக்கித் தன் பக்கம் திருப்பினான். இவங்க போய்க் கேட்டாங்க. வார்த்தை தடித்தது. அவன் தள்ளினான். இவங்க மதகுக் கல்லில் இடது பக்கம் போய் மோதி விழுந்தாங்க. மூச்சு வாங்க முடியவில்லை. அந்நேரம் அவன் கட்டியிருந்தது சிவப்புக் கரை போட்ட துண்டு. எல்லாம் கண்ணுக்குள் இருக்கு.

அவன் பொண்டாட்டி செண்பகம் கரையில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் கத்தினேன். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து இதுதான்: "காலு வழுக்கி விழுந்ததுக்கு நாங்க என்ன பண்றது? உங்க வீட்டுக்காரரு எலும்பு என்ன அப்பளமா, தொட்டா ஒடைய?"

எலும்பு முறிவுக் கட்டுக்காரர் வந்து தடவிப் பார்த்தார். கீழேயிருந்து நாலாவது விலா, இடது, ஒடைஞ்சிருக்கு என்று என்னிடம்தான் சொன்னார். உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் போட்டு இருபத்தொரு நாள் கட்டு. எக்ஸ்ரே படம் எடுக்கவில்லை. பஞ்சாயத்தில் இவங்களே எழுந்து, "வெறும் ரத்தக்கட்டுங்க, நானாத்தான் வழுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். தம்பியைக் காட்டிக் கொடுக்கக் கூடாதாம். ஊர் முழுக்க நான் பொய்க்காரி ஆனேன்.

அன்றைக்கு அய்யனார் கோயிலில் நின்று சொன்னேன். அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அந்த வீட்டுப் பச்சைத்தண்ணி இவங்க வாயில் பட்டால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன்.

சொன்னபடியே இருந்திருக்கேன். அந்த வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எங்கள் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும். கொல்லைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கேன்.

புரட்டாசி 21, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. நெல்லைக் கொள்முதலில் போட்டாச்சு, நல்லவேளை.

நேற்று ரத்தம் கொடுத்தது. சைக்கிளை நான்தான் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்திருந்தேன். இன்றைக்கு டாக்டர் பார்த்தார். 6.2.

எழுபத்தொரு வயசுக்குக் கொஞ்சம் கூடத்தான், பெரிய கூடுதல் இல்லை என்றார். மூணு மாசம் விட்டு மறுபடி எடுப்போம். அதுக்குள் விரல் பரிசோதனைக்கு மனசு வைங்க அய்யா, அது சொல்வதை ரத்தம் சொல்லாது என்றார். இவங்க சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாங்க.

கும்பகோணத்திலிருந்து மகள் மாலா போன். மூணு மாசம் என்றதும் அவளுக்குப் பெருமூச்சு. எனக்கும். வரும்போது பஸ்ஸில் கடலை வாங்கித் தின்றோம்.

புரட்டாசி 23, வியாழன்

ரா. 11. 12.40. 2. 3. 4.15. 5.20. கூடிவிட்டது.

இவங்களுக்கு முடியவில்லை, மோட்டாரை நிறுத்த நான் போனேன். கொட்டகையில் ஸ்விட்சுப் பலகைக்கு மேல் இடுக்கில் ஒரு பவுடர் டப்பா. பின்னால் பாம்பு இருக்குமோ என்று குச்சியால் தள்ளினேன். கீழே விழுந்து திறந்தது. மாத்திரை அட்டை. காலி அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு. ஒரு அட்டையில் நாலு மாத்திரை மிச்சம்.

நான் கொடுக்காத மாத்திரை.

வீட்டுக்கு வந்து படம் எடுத்து மாலாவுக்கு அனுப்பினேன். கால் மணியில் போன். "அம்மா, இது அந்தச் சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கிறதும்மா. அப்பா யார்கிட்ட காட்டினாரு?"

இவங்க கயித்துக் கட்டிலில். அட்டையைக் காலடியில் போட்டேன். எழுந்து உட்கார்ந்து, தங்கராசு கொடுத்தான் என்றாங்க. அவனுக்கும் இதே தொந்தரவாம். மன்னார்குடி டாக்டர் அவனுக்கு எழுதிக் கொடுத்ததாம். ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே ரத்தம், எனக்குக் கேட்டது உனக்கும் கேக்கும்ணே என்று அவன் மாத்திரையில் பாதி கொடுத்தானாம். களத்து மேட்டில் சந்தித்து வாங்கிக்கொள்வாங்களாம். ரெண்டு வருசத்துக்கு மேல்.

டாக்டர் கேட்டாரே, அப்போது ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீ பக்கத்துல உக்காந்திருந்தியே."

புரட்டாசி 24, வெள்ளி

சமைக்கவில்லை. இவங்க பழையது போட்டுச் சாப்பிட்டாங்க. நான் சாப்பிடவில்லை.

மாலா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கிறாள். நர்சு பொண்ணு டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொன்னதாம்: அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அந்த நம்பர் குறைச்சலாகக் காட்டும். எந்த மாசம் ஆரம்பித்தார், விடாமல் சாப்பிட்டாரா, எத்தனை மில்லி, சரியாக எழுதிக்கொண்டு உடனே வாங்க. மூணு மாசம் காத்திருக்க வேண்டாம்.

உடனே என்றதும் மாலா அழுகிறாள். நான் அழவில்லை. இவங்களைக் கேட்டால் போன பொங்கலா, அதுக்கு முந்தின பொங்கலா என்கிறாங்க. போன முகாமுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டேன். தெரியவில்லை. பதினேழு வருசத்துக்கு முந்தின துண்டின் கரை எனக்குத் தெரியும். இவங்க வாயில் தினம் போட்ட மாத்திரை தெரியாது.

தங்கராசுவிடம் ஆள் அனுப்பினேன். அவனுக்கும் தேதி தெரியாதாம். மாத்திரை வாங்குவது, பிரித்து வைப்பது எல்லாம் செண்பகம் கையில். செண்பகம் சொல்லியனுப்பியது: "கேக்க வேண்டியவங்க வந்து கேட்டா சொல்றேன்."

திமிரைப் பார். பதினேழு வருசம் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்திருக்கிறாள்.

பகல் 6. 7.10. 8. 9.15. 10. 11.30. 12.20. இனி எழுதி என்ன.

புரட்டாசி 26, ஞாயிறு

நேற்று முழுக்க அந்த வீட்டுக்குப் போகவில்லை. மழை என்று ஒரு சாக்கு. ஒரு நாளைக் கெடுத்தேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது.

இன்றைக்குக் காலையில் இவங்க கொல்லைக்குப் போய் ஒரு மணி நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாங்க. சொட்டுச் சொட்டாக. மழையில் முதுகெல்லாம் நனைந்து. என்னைப் பார்த்ததும், "போ உள்ள, வர்றேன்" என்றாங்க, தப்பு பண்ணின பிள்ளை மாதிரி.

அப்படியே கொல்லைக் கதவைத் திறந்து நடந்தேன். வாய்க்கால் பாலத்தில் இடறினேன். அந்த வாசலில் போய் நின்றேன். அய்யனாரே, எழுதி வைத்துக்கொள், மிதித்தேன்.

செண்பகம் மீன் அலசிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து எழுந்தாள், "உள்ள வாங்கக்கா." கையைக் கழுவிவிட்டு ஒரு சொம்பில் தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். நீட்டிக்கொண்டே நின்றாள். அவளுக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கு.

குடித்தேன். போர் தண்ணி, உப்பு.

ஒரு மஞ்சப்பையில் எல்லாம் வைத்திருந்தாள். மன்னார்குடி டாக்டர் சீட்டு. மருந்துக்கடை பில், மாசம் மாசமாக அடுக்கி. தை மாசம், முந்தின வருசத்துக்கு முந்தின வருசம், பூசத்துக்கு மறுநாள் முதல் அட்டை கொடுத்தாளாம். ஒரு மாசம் விட்டதில்லையாம். "மாமாவுக்குன்னு தனியா எடுத்து வச்சிருவேன்க்கா. இவரு மறந்துட்டாலும் நான் களத்துக்குக் குடுத்தனுப்புவேன்." பெருமையாகச் சொன்னாள். மூத்தாருக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்திருக்கிறாள்.

எனக்கு எங்கிருந்து எரிந்தது என்று தெரியவில்லை. என் புருசனுக்கு ரெண்டே முக்கால் வருசம் அவள் மாத்திரை கொடுத்திருக்கிறாள், நான் அந்த வீட்டுத் தண்ணி கூடாது என்று காவல் இருந்திருக்கேன்.

தங்கராசு அந்த ரத்தச் சோதனையை எப்போதாவது பார்த்தானா என்று கேட்டேன். பார்த்ததே இல்லை. ஒண்ணுக்கு நன்றாகப் போகுதே, எதுக்குக்கா என்றாள். அவனையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். சைக்கிள் மிதிக்காமல் வரச்சொல் என்றேன். முகம் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

புரட்டாசி 28, செவ்வாய்

தஞ்சாவூர். சீட்டு, பில், அட்டை எல்லாம் மேசையில் வைத்தேன். டாக்டர் ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார். போன வருச முகாம் சீட்டையும் பக்கத்தில் வைத்தார். ஒரு தாளில் எழுதினார்.

இந்த மாத்திரையை ஆறு மாசத்துக்கு மேல் சாப்பிட்டால் ரத்தத்தில் அந்த அளவு பாதியாகத்தான் தெரியும் என்றார். ரெண்டால் பெருக்கித்தான் படிக்கணும். 6.2 என்பது ஏறக்குறைய பன்னெண்டரை. முகாமில் 3.1 என்பது ஆறேகால். மாத்திரை சாப்பிட்டும் ஏறியிருக்கிறதே, அதுவே சரியில்லை என்றார். முகாமிலேயே தெரிந்திருந்தால் அப்போதே சோதித்திருப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன். ஆமாம் என்றார்.

ஒரு குறுவை, ஒரு சம்பா, இன்னொரு குறுவை. மூணு போகம் போச்சு.

மாத்திரை தப்பா என்று கேட்டேன். மாத்திரை வீக்கத்துக்கு நல்ல மாத்திரைதானாம். சொல்லாமல் சாப்பிட்டதுதான் தப்பாம். எதனால் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

இன்றைக்கு விரல் சோதனைக்கு இவங்க ஒத்துக்கொண்டாங்க. திரைக்குப் பின்னால். நான் வெளியில். டாக்டர் வந்து கை கழுவிக்கொண்டே, வலது பக்கம் கல் மாதிரி கெட்டியாக இருக்கு என்றார். சதை எடுத்துப் பார்க்கணும்.

இவங்க சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்தாங்க. சரி பண்ணிவிட்டேன்.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. பலகாரம் சுடவில்லை. துபாயிலிருந்து மகன் செல்வம் போன், வரட்டுமா என்று. வந்து என்ன பண்ணப் போறே என்றாங்க இவங்க.

செண்பகம் அதிரசம் ஒரு தூக்கில் வைத்து வாய்க்கால் பாலத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டுக்குள் வரவில்லை. எடுக்கவில்லை நான். சாயந்தரம் போய்ப் பார்த்தால் இவங்க அங்கேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறாங்க. என்னைப் பார்த்து மறைக்கவில்லை. பதினேழு வருசத்தில் முதல் தடவை.

ஐப்பசி 6, வியாழன்

சதை எடுத்தாச்சு. பன்னெண்டு இடத்தில் ஊசி. மரத்துப்போக மருந்து போட்டுத்தான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் டிக் டிக் என்று சத்தம் கேட்டதாம், எண்ணினாங்களாம். ஒண்ணுக்கில் ரத்தம். ரெண்டு மூணு நாள் வரும், பயப்படாதீங்க என்றார்கள். காய்ச்சல் வந்தால் உடனே வரணும்.

ரா. தெர்மாமீட்டர் 98.6. 99. 98.4.
ஒ. சிவப்பு. அப்புறம் வெளுப்புச் சிவப்பு.

ஐப்பசி 9, ஞாயிறு

விடாத மழை. சம்பா நடவு வயலில் தண்ணி நிற்கிறது. வடிய வைக்க ஆள் வரவில்லை. தங்கராசு கேட்காமலேயே வந்து எங்கள் வரப்பை வெட்டித் தண்ணியை விட்டுவிட்டுப் போனான். அதே மதகு. கொல்லையில் நின்று பார்த்தேன். திட்ட வாய் வரவில்லை.

காத்திருப்பதற்குப் பத்து நாள் என்றார்கள். இவங்க ராத்திரி எழுந்து போகும்போது நானும் எழுந்து உட்கார்கிறேன்.

நான் வாயை அடக்கியிருந்தால் இவங்க அந்த மாத்திரையை வீட்டில் வைத்தே சாப்பிட்டிருப்பாங்க. நான் பார்த்திருப்பேன். முகாமில் கேட்டபோது நானே சொல்லியிருப்பேன். இப்படியே தினம் ஓடுது. சாணி தட்டும்போது, விளக்கு ஏற்றும்போது. முடிக்கிற இடம் இல்லை.

ஐப்பசி 17, திங்கள்

புற்று.

டாக்டர் தமிழில் சொன்னார், மெதுவாக. பன்னெண்டு துண்டில் ஏழில் இருக்கு. அதன் குணத்துக்கு ஒரு மார்க்கு போடுவார்களாம். நாலும் நாலும் எட்டு. பத்துக்கு எட்டு. நம் பிள்ளைகளுக்கு எட்டு வந்தால் சந்தோசம். இங்கே எட்டு என்றால் முரட்டுக் குணம்.

ரத்தத்தில் பன்னெண்டரை, விரலுக்குக் கல், சதையில் எட்டு. மூணையும் சேர்த்துத்தான் எந்தக் கட்டம் என்று பார்ப்பார்களாம். இன்னும் ஒன்று பாக்கி, எலும்புக்குப் பரவியிருக்கா என்று. பரவாமல் இருந்தால் கதிர்வீச்சு வைத்து, ஊசி போட்டு, முழுக்கக் குணப்படுத்தப் பார்க்கலாம். பரவியிருந்தால் அடக்கி வைக்கலாம். இவ்வளவுதான் சொன்னார். அடக்கி வைப்பது என்றால் எத்தனை நாளைக்கு என்று இவங்க கேட்டாங்க. முதலில் ஸ்கேன் வரட்டும் அய்யா என்றார்.

தங்கராசு ரத்தமும் இன்றைக்கு வந்தது. 0.7. ரெண்டால் பெருக்கினால் 1.4. விரல் சோதனையிலும் ஒன்றும் இல்லை. ஒரே ரத்தம் என்றானே. அவன் ரத்தம் சும்மா இருக்கு.

செண்பகம் என் கையைப் பிடிக்க வந்தாள். எடுத்துக்கொண்டேன். அவனுக்கு இருந்து இவங்களுக்கு இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று ஓடியது மனசில். எழுதக் கூடாது இதை. எழுதிவிட்டேன்.

ஐப்பசி 20, வியாழன்

திருச்சி. எலும்பு ஸ்கேன். கையில் ஒரு ஊசி போட்டு, மூணு மணி நேரம் தண்ணி குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். இவங்களுக்கு அது ஒரு தண்டனை. கக்கூஸ் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

வாடகைக் கார் தங்கராசு பிடித்தான். முன்னால் அவன். பின்னால் இவங்க, செண்பகம், நடுவில் நான். திருவெறும்பூர் தாண்டும்போது இவங்க, "டேய் தம்பி, அடுத்த தடவை மாத்திரை குடுத்தா சீட்டோட குடுடா" என்றாங்க. தங்கராசு சிரிக்கப் போய் அழுதுவிட்டான். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாதாம் இன்றைக்கு, உடம்பில் அந்த ஊசி மருந்து இருக்குமாம். பேத்தி வராதது நல்லது.

ஐப்பசி 21, வெள்ளி

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலா வழியில். மழை.

ஸ்கேன் படம் வந்துவிட்டது. எலும்புக்கூடு மாதிரி ஒரு படம், இவங்கதான் அது. முதுகெலும்பில் இல்லை. இடுப்பில் இல்லை. ஒரே ஒரு இடத்தில் கறுப்புப் பொட்டு. டாக்டர் பேனாவால் தொட்டார். இடது பக்கம், ஒன்பதாவது விலா.

ஒரு புள்ளிதான். புற்றாக இருந்தால் கட்டம் மாறிவிடும் என்றார். பழைய முறிவு இருந்தால் அதுவும் சில பேருக்கு இப்படிக் காட்டும், எத்தனையோ வருசம் கழித்தும். இந்தப் பக்கம் எப்போதாவது அடி பட்டிருக்கா என்று கேட்டார்.

மொத்தம் எத்தனை விலா என்று நான் கேட்டேன். ஒரு பக்கம் பன்னெண்டு என்றார். விரல் விட்டு எண்ணினேன். மேலேயிருந்து ஒன்பது. கீழேயிருந்து நாலு.

கீழேயிருந்து நாலாவது, இடது என்று கட்டுக்காரர் சொன்னதைச் சொன்னேன். ஆடி மாசம், செவ்வாய், மதகுக் கல். இருபத்தொரு நாள் கட்டு. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். படம் எடுத்தீங்களா? இல்லை. கட்டுக்காரர் இருக்காரா? செத்து ஆறு வருசம். ஒடைஞ்சதா, வெறும் அடியா, அதுதான் தெரியணும் என்றார்.

இவங்க வாயைத் திறந்தாங்க. தங்கராசு பக்கத்தில் நிற்கிறான். பழக்கம். "வெறும் ரத்தக்கட்டுதான் டாக்டர். நானாத்தான் வழுக்கி..."

எனக்கு உயிர் போய்விட்டது. பதினேழு வருசம் ஊரெல்லாம் கத்தினேன், ஒருத்தர் நம்பவில்லை. இன்றைக்குத்தான் நம்பணும்.

செண்பகம் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் வந்தாள். "ஒடைஞ்சுதுங்க. நான் பத்தடியில நின்னேன். காஞ்ச மூங்கி முறியற மாதிரி சத்தம் கேட்டுச்சு. இவருதான் தள்ளுனாரு."

தங்கராசு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆமாம் என்றான். இவங்க சுவரைப் பார்த்தாங்க.

டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த விலாவுக்கு மட்டும் சி.டி. எடுத்தால் பழைய முறிவு ஒட்டின தடம் இருந்தால் தெரியும் என்றார். நாளைக் காலை ஒன்பது மணி. தடம் இல்லை என்றால் என்று அவர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

வெளியில் வந்து செண்பகத்தைத் தனியாக இழுத்துக் கேட்டேன். நிஜமாகவே சத்தம் கேட்டதா, இப்போது எனக்காகச் சொன்னாளா. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி என்ன சத்தம் போட்டுச்சு, உங்களுக்கு ஞாபகம் இல்லியாக்கா?" என்றாள். டீ வாங்கப் போய்விட்டாள்.

தண்ணி இரைச்சல் ஞாபகம் இருக்கு. அதில் எலும்புச் சத்தம் கேட்குமா தெரியவில்லை.

அய்யனாரே. அவன் பலமாகத் தள்ளியிருக்கணும். நன்றாக ஒடைந்திருக்கணும். ரெண்டாக.

பகல் 2. 3.10. 4. 4.35. இப்போது மறுபடி எழுந்திருக்கிறாங்க, தங்கராசு தோளைப் பிடித்துக்கொண்டு. 5.05.